ஃபேனை அமத்தச் சொன்னவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எங்கள் தெருவுக்கே தெரியும். கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் வேலை பார்த்த ஆபீஸில் பெட்டி அடைக்கிற வரிசையில் நான் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதுபோல நடித்துக் காட்டுவாள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சொல்லுவார், "உன்னைக் கட்டினதுக்கு ஒரு ரேடியோப் பெட்டி வாங்கியிருக்கலாம்ட்டி, அதுலயாவது அமத்துததுக்குத் திருகு இருக்கும்." நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். அந்த வாயால் ஒரு மனுஷன் செத்துப்போனார். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் பசுவந்தனைப் பக்கம். வானம் பார்த்த கரிசல் காடு. உளுந்து போட்டால் பூக்கிற நேரத்தில் மழை ஓடிப்போகும், அறுக்கிற நேரத்தில் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு டவுனில் பைக் ஒர்க் ஷாப்பில் இருந்தார். எஞ்சின் கை வந்த ஆள் என்று யாரோ சொல்லி, வளைகுடாவில் படகு பார்க்கிற வேலைக்குப் போனார். மெரினாவில் வேலை என்று போனில் சொன்னபோது, மெட்ராஸில் வேலை கிடைத்தும் கடல் தாண்டிப் போனதாகப் பொய் சொல்கிறாரோ என்று சண்டைக்குப் போய்விட்டேன். பிறகுதான் விளக்கினார். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை வரிசையாக நிறுத்துகிற மாதிரி, அங்கே பணக்காரர்களின் படகுகளைப் பலகை நடைபாதைக்கு இரண்டு பக்கமும் கட்டிப் போட்டிருப்பார்கள். அந்த இடத்துக்கு அந்தப் பெயராம். பிறந்தநாள் கொண்டாட வாடகைக்குப் போகிற படகுகளும் உண்டு. அவருக்கு அந்தப் படகுகளில்தான் வேலை.

பெட்ரோலில் ஓடுகிற படகு எவ்வளவு மோசமானது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பைக்கில் பெட்ரோல் ஒழுகினால் ரோட்டில் சொட்டிக் காய்ந்துவிடும். படகில் அடியில் ஓட்டை விட முடியுமா? எஞ்சின் ஒரு மூடிய குழிக்குள் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் கீழே இறங்கி, அந்தக் குழிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் ஒரு பொறி வரும். அந்த ஒரு பொறியில் படகே போய்விடும். ஒரு படகு தீப்பிடித்தால் கயிறு கட்டி நிற்கிற பக்கத்துப் படகும் பிடிக்கும்.

அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் போடும்போது எல்லாக் கதவையும் மூடியையும் சாத்திவிட வேண்டும். போட்டு முடித்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். குழிக்குள் இருக்கிற ஆவியை வெளியே உறிஞ்சித் தள்ள ஒரு ஃபேன் உண்டு. அதை நாலு நிமிஷம் ஓடவிட வேண்டும். அப்புறம் குனிந்து மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். வாடை இல்லை என்றால்தான் சாவி.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தீயைப் பற்றி யார் யாருக்குப் பாடம் எடுப்பது? பதினாறு வயதிலிருந்து மருந்து வாடையில் கிடந்தவள் நான். எங்கள் ஆபீஸில் குச்சி முனைக்கு வைக்கிற மருந்து இருக்கிற அறையில் ஃபேன் கிடையாது. வேர்த்துக் கொட்டும், சேலை முதுகோடு ஒட்டும், ஆனாலும் ஃபேன் கிடையாது. காற்று அடித்தால் மருந்துத் தூசி பறக்கும், மோட்டாரில் பொறி விழும். எதையும் மூடி வை, ஈரச் சாக்கைப் போடு, காற்றை விடாதே. எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். அதனால் நான் அவரிடம் அடித்துச் சொன்னேன்.

"மருந்து கிடக்கிற இடத்துல எவனாவது ஃபேன் போடுவானா? உங்க மொதலாளிக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஏட்டி, இது வேற. அந்த மோட்டார்ல பொறி வெளிய வராது, அப்படித்தான் செஞ்சிருக்கான். காத்துதான் இதுக்கு மருந்து."

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

வேலை நேரத்தில் போன் பேசக்கூடாது என்று அங்கே கண்டிப்பு. ஆனால் ஃபேன் ஓடுகிற அந்த நாலு நிமிஷம் யாரும் எதுவும் செய்ய முடியாது, காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மேற்பார்வை பார்க்கிறவரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார். அதனால் என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில்தான் எனக்குப் போன் போடுவார். இங்கே நான் ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரம். ஒரு கையில் சோற்று வாளி, ஒரு கையில் போன். முகம் பார்த்துப் பேசுவோம். பின்னால் ஃபேன் சத்தம் ஙொய் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பாதிப் பேச்சு கேட்காது.

அவரோடு ஜோடி சேர்ந்து வேலை பார்த்தவர் நாகலாபுரத்துக்காரர். ஆட்டுக்கிடை போடுகிற குடும்பம், வயதில் சின்னவர். இவரை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். போன் திரையில் ஓரத்தில் முகத்தை நீட்டி, "மதினி, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டுவிட்டு ஓடுவார். ஃபேன் போடுவதும் மோந்து பார்ப்பதும் என் வீட்டுக்காரர் வேலை. ஸ்டியரிங் பக்கம் நின்று சாவி போடுவது அவர் வேலை. ஃபேன் நின்றால் இவர் மோந்து பார்த்துவிட்டார், எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். அவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம். தினமும் ஏழெட்டுப் படகு என்றால் வாய் திறந்து சொல்லிக்கொண்டா இருப்பார்கள்?

அன்றைக்கு எங்கள் மகளுக்குக் காது குத்துவது பற்றிப் பேச்சு. எந்த மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது என்று. என் பெரிய அண்ணன் மடியில்தான் என்று நான் சொன்னேன். அவர் சின்ன மச்சானைச் சொன்னார். என் பெரிய அண்ணன் ஒருமுறை அவரை ஏதோ சொல்லிவிட்டான், அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் பேசுகிறேன், அவர் "என்னது, என்னது" என்கிறார். ஃபேன் சத்தம். மறுபடி சொல்கிறேன், மறுபடி "என்னது."

"அந்தச் சனியன் புடிச்ச ஃபேனை மொதல்ல அமத்துங்க. மனுசி பேசுததைவிட அது முக்கியமாப் போச்சா?"

அவர் அமத்திவிட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும். திரையில் அவர் கை நீண்டதைப் பார்த்தேன், சத்தம் நின்றதைக் கேட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொல்லி அவர் கேட்டுவிட்டார் என்று. "இப்ப சொல்லு" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

எங்கள் ஆபீஸில் தீப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். சுர் என்று ஒரு சீறல் வரும், அப்புறம்தான் வெளிச்சம். இது அப்படியில்லை. மாடியிலிருந்து நெல் மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு தொம். திரை முழுக்க வானம். போன் எங்கோ மல்லாந்து விழுந்து கிடந்தது, அணையவில்லை. யார் யாரோ ஏதேதோ பாஷையில் கத்தினார்கள். நான் சோற்று வாளியோடு தெருவில் நின்று அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாகலாபுரத்துக்காரர் அங்கேயே போய்விட்டார். என் வீட்டுக்காரர் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தார். வெந்தது முகத்தில் ஒரு பக்கம், ஒரு காது, இரண்டு கை. அங்கே ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்துவிட்டு வந்து இறங்கினார். இன்றைக்கும் சட்டைப் பொத்தான் போட அவரால் முடியாது. மார்கழிக் குளிரிலும் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார், கரண்ட் வரும்வரை உள்ளே வர மாட்டார்.

என்ன நடந்தது என்று அங்கே ஒரு காகிதம் எழுதினார்கள். செத்தவர் பெட்ரோல் போட்ட படகில் நின்று சிகரெட் பற்றவைத்தார், அதனால் வெடித்தது என்று அதில் இருந்தது. அவர் பாக்கெட்டில் ஒரு லைட்டர் கிடந்ததாம். லைட்டர் எதற்கு என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். பிறந்தநாள் படகில் கேக்கு மெழுகுவத்தி ஏற்றுவதற்கு. படகுக்கு ஒருவர் பாக்கெட்டில் அது எப்போதும் இருக்கும். அந்த மனுஷன் ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் கட்டுப்போட்டுக் கிடந்தவரிடம் வந்து, "அவர் புகைத்தாரா?" என்று கேட்டபோது, இவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் அதை ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். இவரும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் இதை என்னிடம் சொன்னார். நான் அந்தப் பொய்யைப் பற்றி அதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது. சிகரெட்டால்தான் வெடித்தது, ஃபேனால் இல்லை, என்னால் இல்லை. பல மாதம் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். அவர் வந்து ஒரே நிமிஷத்தில் அதைப் பிடுங்கிவிட்டார்.

"ஏன் நீங்க உள்ளதைச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கவும் எனக்கு வாய் இருந்தது பாருங்கள்.

"ஃபேன் ஏன் நின்னுச்சுன்னு அடுத்ததாக் கேப்பான். நான் என்ன சொல்ல? எம் பொண்டாட்டி சொன்னா, அமத்துனேன்னு சொல்லவா?"



ஒரு வாரம் கழித்து நாகலாபுரத்திலிருந்து செத்தவருடைய மனைவி வந்தாள். இரண்டு பஸ் மாறி, கையில் எங்கள் மகளுக்குக் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அவிய சிகரெட்டுப் பிடிச்சாவளா? அவிய சாமான் வந்த பெட்டியில லைட்டர் இருந்துச்சு. எங்கிட்ட ஒருநாளும் பொய் சொன்னதில்ல. நீங்க கூடவே இருந்தீங்க. பிடிக்கலன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், ஊரு என்னத்தையும் சொல்லிட்டுப் போவுது."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அந்த நேரத்தில் நான் ஆம் என்று தலையை அசைத்திருந்தால் போதும்.

"அவியளுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல தாயி" என்றேன். "அடிபட்டதுல எல்லாம் போயிடுச்சு."

அவள் நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரை அவளே கழுவி வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அந்த மனுஷனைக் கொன்றதைவிடப் பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. முதலில் நடந்தது தெரியாமல் நடந்தது. இது தெரிந்து செய்தது.

அதற்குப் பிறகு நான் பெட்ரோல் பைத்தியம் ஆகிவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டரை ஜன்னல் இல்லாத அறையில் வைத்து, அதிலேயே பெட்ரோல் கேனையும் வைத்திருப்பார்கள். கதவைத் திறந்து போடுங்கள், காற்று ஓடட்டும், ஆவி கீழேதான் தேங்கும், மோந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள் என்று போய்ச் சொன்னேன். "தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தாலே இப்படித்தான், எதைக் கண்டாலும் பயம்" என்று சிரித்தார்கள். இப்போதும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. பேச வேண்டிய இடத்தில் பேசாத வாய்க்கு இதுதான் மரியாதை.

இரண்டு உளுந்து விதைப்பு போனது. ஒருநாள் ஆபீஸில் நாகலாபுரத்தில் வாக்கப்பட்ட ஒருத்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அங்கே ஒரு சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சிகரெட்டுக்காரன் மவ என்று கூப்பிடுகிறார்களாம். அப்பா வெளிநாட்டில் சிகரெட் பிடித்து, தானும் செத்து, இன்னொருத்தரையும் கெடுத்துவிட்டானாம். அவனைப் பெற்ற வீட்டில் அவன் போட்டோவுக்கு மாலைகூடப் போடுவதில்லையாம். இன்னொருத்தர் என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரரை. அவளுக்கு அது தெரியாது. என் கையில் பெட்டி நசுங்கியது.

வீட்டுக்கு வந்து, நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "நான் வரல. அவ மொகத்தப் பார்க்க எனக்கு ஏலாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளம் போய், அங்கிருந்து நாகலாபுரம் பஸ் பிடித்தேன். பங்குனி வெயில். காடு முழுக்க மண் வெடித்துக் கிடந்தது. அவள் வீட்டு முன்னால் சாக்கை விரித்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்கக்கா, அண்ணாச்சி எப்படி இருக்காவ?" என்று எழுந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்காமல் சொல்ல ஆரம்பித்தேன். குடித்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன், நாலு நிமிஷம், காதுகுத்துச் சண்டை, நான் அமத்தச் சொன்னது, அவர் அமத்தியது. ஃபேன் நின்றதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி உன் புருஷன் சாவியைத் திருப்பினார், அவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார், ஒரு தப்பும் அவர்மேல் இல்லை. லைட்டர் கேக்கு மெழுகுவத்திக்கு வைத்திருந்தது. அன்றைக்கு ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பொய். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்தவே இல்லை.

"யாரோ எம் பிள்ளையப் பத்தி உங்ககிட்ட சொல்லியிருக்காவ" என்றாள். "மனசு கேக்காம வந்திருக்கீங்க. எங்களுக்காகப் பழியத் தூக்கி உங்க தலையில வச்சுக்கிடுதீங்க. உங்களுக்கு நல்ல மனசுக்கா."

"ஏ தாயி, இல்ல. எம் பிள்ளை மேல சத்தியம்."

"பிள்ளை மேலயெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க." இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் நம்பாமல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. "அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து கேட்டேன்லா. அன்னைக்குச் சொல்லியிருக்கணும். நான் ஊரு பூராவும் சண்ட போட்டுட்டு வந்து கேட்டேன். பெறவு நானும் நம்பிட்டேன். இவ்வளவு நாளா அவிய மேல உள்ள கோவத்துலதான் காலைல எந்திரிக்குதேன், ஆட்டப் பாக்குதேன், பிள்ளைய அனுப்புதேன். சிகரெட்டுக்காக எங்களை விட்டுட்டுப் போனவருன்னு திட்டிக்கிட்டே ஓட்டிருதேன். இப்ப அவிய நல்லவுக, ஒரு தப்பும் பண்ணலன்னா, நான் என்ன செய்ய? மொதல்ல இருந்து அழணும்லா. எனக்கு ஏலாதுக்கா."

"பிள்ளையாவது தெரிஞ்சுக்கிடட்டுமே" என்றேன்.

"இப்ப யாரும் அவள ஒண்ணும் சொல்லுததில்ல. ஊருக்காரவிய சொல்லுமுன்ன நானே சொல்லிடுதேன். நானே சொன்னா அப்புறம் எவளும் வாயைத் திறக்க மாட்டா."

அதற்கு மேல் அவள் என்னைப் பேசவிடவில்லை. சோறு போட்டாள். சாப்பிட்டேன். கிளம்பும்போது ஒரு பையில் வத்தல் அள்ளிப் போட்டு, பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்று கூடவே வந்தாள்.

நிறுத்தத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கையில் எங்கள் கோவில்பட்டித் தீப்பெட்டி. இவள் அவரிடம் போய், கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னாள்.

"அண்ணாச்சி, அத விட்டுருங்க. எங்க வீட்டுக்காரரு இதாலதான் போனாரு. படகுல நின்னு சிகரெட்டுப் பத்த வச்சாரு, அவ்வளவுதான். கூட நின்னவரும் கருகிட்டாரு. வேணும்னா இந்த அக்காகிட்ட கேளுங்க, அந்த அண்ணாச்சி சம்சாரம் இவியதான்."

பெரியவர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?" என்றார்.

அவளும் என்னைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "சிகரெட்டாலதான்."

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.